படத்தில் வராத ஓடக்காரி

இளவரசன் பாலத்தின் மேல் நடந்து கறுப்பாற்றைக் கடந்துவிட்டான். தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. எனக்கு முன்வரிசையில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டிருந்த ஒருத்தன் அதைக் கழற்றி மேலே வீசினான். நான் மட்டும் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் துடுப்புச் சத்தம், பிறகு ஒரு சிரிப்பு, அதற்கும் பிறகுதான் அவள் முகம். எனக்கு அது மனப்பாடம். ஆனால் பாலம் முடிந்தது, குதிரை வந்தது, பாட்டு வந்தது, இளவரசன் அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். சரி, இடைவேளைக்குப் பிறகு வருவாள், பெரிய நடிகை யாரையாவது போட்டு ஒளித்து வைத்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இடைவேளைக்குப் பிறகும் வரவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த என் அண்ணன் மகள், படம் அவ்வளவு நன்றாக இருந்ததால் அத்தை அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு என் தோளில் கைபோட்டாள்.

அவள்தான் என்னைக் கூட்டிப்போனது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். நிழல்மணிக் கதைகள் என்றால் உயிர். ஆறு தடித் தடிப் புத்தகங்கள், அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டம், அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு தனிக் காட்சி. அத்தையும் நிழல்மணி ரசிகை என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து கல்லாகிப்போன ராணியைப் பற்றியும் இரட்டைத்தலைப் பருந்தைப் பற்றியும் பேசித் தீர்ப்போம். இடையில் நான் ஓடக்காரியைப் பற்றிச் சொன்னால் "ஆமா அத்தை, செம" என்பாள். அது ஒப்புக்குச் சொன்ன ஆமா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒன்றை மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதைப் போன்ற மானக்கேடு வேறில்லையாம், பிறகு சொன்னாள்.

என் வீட்டுக்காரர் வரவில்லை. டிக்கெட்டைக் காட்டியபோதே முகத்தைச் சுளித்தார். கூட்டத்தில் உனக்குத் தலைவலி வரும் என்றார். படம் எடுக்கிறவன் கதையைக் கொத்திப் போட்டிருப்பான் என்றார். நான் எங்கே போனாலும் எப்போது வருவாய் என்றுகூடக் கேட்காத மனுஷர், அன்று விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "போய்த்தான் ஆகணுமா?" என்றார். பாவம், அவர் இல்லாமல் நான் மட்டும் பார்ப்பதில் அவருக்குப் பொறாமை என்று நினைத்து உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். பொறாமை யாருக்கு வரப்போகிறது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

அவர் டவுன் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் வீட்டிலேயே மோட்டார் மிஷின் போட்டு பைக் சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். ரெக்சின், அடியில் ஸ்பாஞ்ச், ஓரத்துக்குப் பட்டை. கடைத்தெருவில் இருக்கும் சீட்டுக் கடைக்காரர் வெட்டிக் கொடுத்தனுப்புவார், தைத்துக் கொடுத்தால் எடுத்துப் போவார். மகன் வேலைக்கென்று வேறு ஊர் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு என்பதே அற்றுப்போயிருந்தது. சண்டை எல்லாம் இல்லை. சண்டை போடவும் ஒரு விஷயம் வேண்டுமே. சாப்பிடுறீங்களா, கரண்ட் எப்போ போச்சு, பால்காரன் வந்தானா. அவ்வளவுதான். மிச்ச நேரம் மிஷின் பேசும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அப்போதுதான் அவர் பஸ்ஸில் யாரோ நிழல்மணி முதல் பாகத்தை விட்டுவிட்டுப் போனார்கள். டிப்போவில் வைத்துப் பார்த்தும் யாரும் வந்து கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒருநாள் படுத்துக்கொண்டு புரட்டியவர், இதைக் கேளேன் என்று ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். அன்று ஆரம்பித்ததுதான், மற்ற பாகங்களை அவரே ஒவ்வொன்றாக வாங்கிவந்தார்.

எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. கை வேலையில் இருக்கும்போது காது சும்மாதானே கிடக்கிறது, அதற்கு அவர் படித்தால் போதும் என்றிருந்தது. மிஷின் சத்தத்துக்கு மேல் குரலைத் தூக்கிப் படிப்பார். நீளத் தையல் ஓட்டும்போது ஒரு குரல், மூலையில் திருப்பும்போது ஒரு குரல். கதையில் போர் வந்தால் எனக்குத் தூக்கம் வரும், பெடலை மிதித்துக்கொண்டு தைத்துத் தள்ளுவேன். ஓடக்காரி வந்தால் மட்டும் என் கால் தானாகப் பெடலை விட்டு எழுந்துவிடும். வலது தாடையின் கீழே பழைய வெட்டுத் தழும்பு. இடது கையால் துடுப்புப் போடுவாள். பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். இளவரசனையே "ஏறு, ஏறு, உள்ள போ, வாசல்ல நிக்காத" என்று அதட்டுவாள். ராஜகுமாரன் என்றும் பார்க்கமாட்டாள், சூனியக்காரி என்றும் பார்க்கமாட்டாள், கூலி கொடுக்காமல் ஒருத்தரையும் அக்கரைக்கு விடமாட்டாள். அவள் பேசுகிற நாளில் ஊசி துணியில் குத்தியபடியே நிற்கும். அப்படிப்பட்டவளை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பாலம் கட்டியிருக்கிறார்கள் படுபாவிகள்.

தியேட்டர் வாசலில் ஒரு பெண் போனை நீட்டிக்கொண்டு எல்லாரிடமும் படம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடமும் நீட்டினாள். இருந்த ஆத்திரத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஓடக்காரிய எங்கம்மா? அவ இல்லாம அவன் எப்படி ஆத்தத் தாண்டுவான்? பாலம் கட்டிட்டா ஆச்சா? அஞ்சு வருஷமா அவளோட இருந்திருக்கேன் நான். அவளுக்கு ஒரு வசனம்கூடக் குடுக்க மனசு வரலயா உங்களுக்கு?"

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சீட்டுக் கடைக்காரர்கூட ரெக்சின் கட்டை இறக்கி வைத்துவிட்டு, அக்கா நீங்க பெரிய ஆளாயிட்டீங்க என்றார். ஓடக்காரியைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் அண்ணன் மகள் அதன் கீழே எழுதிப் போட்டிருந்தாள், அதற்கு வந்த கருத்துகளையெல்லாம் படித்துக் காட்டினாள். அந்த அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றார் ஒருவர். ஓடக்காரியை வெட்டியது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் என்றார் இன்னொருவர். மூன்றாம் பாகத்தில் அவள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனபோது நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நான் அழுததைவிட அதிகமாகவா அழுதிருப்பாள்? என் ஓடக்காரிக்கு இத்தனை பேர் உரிமை கொண்டாடுவது ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருந்தது. அன்று மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீடியோவைக் காட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை. புரை ஏறி இருமினார். தண்ணீரைக் குடித்துவிட்டு, உனக்கு ஏன் இந்த வேலை என்று முனகிவிட்டுக் கையைக் கழுவப் போனார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து அண்ணன் மகள் வந்தாள். எப்போதும் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிக்கிறவள், அன்று வந்து மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரசிகர் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி ஒருவன் உண்டு, எல்லாரும் தாடி என்று கூப்பிடுவார்கள். ஆறு பாகத்தையும் தலைகீழாக ஒப்பிப்பவன். அவன் உட்கார்ந்து ஆறு பாகத்தையும் மறுபடி தேடிவிட்டானாம்.

"அத்தை, கோவப்படாதீங்க. ஓடக்காரின்னு யாருமே இல்லயாம். ஒரு எடத்துலகூட இல்லயாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தாடி வளர்த்தால் போதுமா, கண்ணைத் திறந்து படிக்க வேண்டாமா என்றேன். காட்டுகிறேன் பார் என்று எழுந்து அலமாரியிலிருந்து முதல் பாகத்தை எடுத்தேன். அந்தப் புத்தகத்தை அதுவரை தூசி தட்டத்தான் தொட்டிருக்கிறேன். கறுப்பாறு வரும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். வந்தது. 'மறுநாள் இளவரசன் பாலத்தைக் கடந்து வடதேசத்துக்குள் நுழைந்தான்.' அவ்வளவுதான். ஒரே வரி. அடுத்த பாராவில் குதிரை. அந்த ஒரு வரியை அவர் ஒரு மதியம் முழுக்கப் படித்திருந்தார். ஓடம் நடு ஆற்றில் சுற்றியதையும், இளவரசன் பயந்துபோய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டதையும், அவள் அவன் கையைத் தட்டிவிட்டுச் சிரித்ததையும். நான் அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று.

அவர் வந்ததும் சாப்பாடு போடவில்லை. புத்தகத்தைத்தான் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார். போர் வந்தால் நீ கேட்பதில்லை, மிஷின் ஒரே ஓட்டமாக ஓடுகிறது, சுவருக்குப் படிப்பதுபோல இருந்தது, அதனால் ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சேர்த்தேன் என்றார். "மிஷின் நின்னுச்சு. மறுபடி நிக்கணும்னு மறுபடி சேத்தேன்" என்றார்.

என் கோபமெல்லாம் வெயிலில் வைத்த வெண்ணெயாகப் போய்விட்டது. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டி காலைப் பெடலிலிருந்து எடுக்க வைப்பதற்காக இல்லாத ஒருத்தியை உண்டாக்கி, அவளுக்கு ஓடம் கொடுத்து, ஐந்து பாகம் ஓட்டியிருக்கிறார். எத்தனை பெண்டாட்டிக்குக் கிடைக்கும் இது? அன்று அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மகளுக்கு ஃபோன் செய்து, உன் மாமா கெட்டிக்காரர் என்றேன். அவள் அதைக் கூட்டத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அதற்கு அப்புறமும் அங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைதான். ஓடக்காரியை நான் பழைய பதிப்பில் படித்தேன், பின்னால் எடுத்துவிட்டார்கள் என்று சத்தியம் செய்கிறவர்கள் சத்தியம் செய்துகொண்டேதான் இருந்தார்களாம்.

இரண்டு நாள் நிம்மதியாகத் தைத்தேன். மூன்றாம் நாள் ஒரு நீளத் தையலின் நடுவில் அது வந்து குத்தியது. வாய்க்கு வந்தது என்றாரே, எந்த வாய்க்கு? என் வீட்டுக்காரருக்கு அவ்வளவு வாய் கிடையாது. நான் நேற்று என்ன உடுத்தியிருந்தேன் என்று கேட்டால் விழிப்பார். குளியலறை வாளி என்ன நிறம் என்று கேட்டால் எட்டிப் பார்த்துத்தான் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு வலது தாடையின் கீழே ஒரு தழும்பு எங்கிருந்து வந்தது? அந்த இடது கை எங்கிருந்து வந்தது? பேச்சுக்கு முன்னால் வருகிற சிரிப்பைச் சொல்ல, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் கேட்டிருக்க வேண்டாமா? ஊசி உடைந்தது. மாற்றிப் போட்டேன். அதுவும் உடைந்தது. அதற்குப் பிறகு நான் தைக்கவில்லை.

மறுநாள் காலை, அவர் வண்டி ஓட்டுகிற தடத்தில் போய் நின்றேன். அந்தத் தடம் ஊரின் மறுகோடிக்குப் போகிறது, எனக்கு அங்கே ஒரு வேலையும் இருந்ததில்லை, அதனால் அந்த வண்டியில் நான் ஏறியதே இல்லை. அவர் வண்டியின் கண்டக்டர் ஒரு பெண் என்பது தெரியும். நாலைந்து வருஷமாக அவருடன்தான் ஓடுகிறாள், தனியாக ஒரு வயசான அம்மாவை வைத்துக்கொண்டிருக்கிறாள், காலையில் சமைக்க நேரமில்லை என்று அவர் எப்போதோ சொன்னார். பாவமே என்று அவருடைய சாப்பாட்டு டப்பாவோடு அவளுக்கும் ஒரு சின்ன டப்பா வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறவள் நான்தான். மதியம் டப்பா திரும்பி வரும், கழுவித் துடைத்து. நான் அவளைப் பற்றி அதற்கு மேல் ஒருநாளும் யோசித்ததில்லை.

பின்வாசலில் ஏறினேன். கூட்டம். "ஏறு, ஏறு, உள்ள போ, வாசல்ல நிக்காத" என்று ஒரு குரல் கேட்டது.  இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். எனக்கு முன்னால் நின்றவருக்கு இடது கையால் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் "எங்க போகணும்?" வந்தது. வலது தாடையின் கீழே தழும்பு. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்து பாகமாக எனக்குத் தெரிந்த முகம்தானே. கடைசி ஸ்டாப் என்றேன். 

கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள். அவர் என்னைப் பார்க்காமலேயே முன்வாசல் வழியாகக் குதித்து எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனார். நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே இருந்தேன். அவள் சில்லறையைப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தவள், என்னை உற்றுப் பார்த்தாள். பொறுக்க முடியாத சந்தோஷம் அவள் முகத்தில் வந்தது. வந்து என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, நீங்கதான? வீடியோல பாத்தேன். எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியல."

 அவளுக்குப் பேச ஆள் தேவையே தவிரப் பதில் தேவையில்லை. டிரைவர் அண்ணனுக்குக் கதையை ஆரம்பிக்க வரும், கொண்டுபோய் நிறுத்த வராது என்றாள். இங்கே வண்டி நிற்கிற நேரத்தில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிப்பார்களாம். வெள்ளத்தில் ஓடம் கவிழ்ந்தது அவள் சொன்னது. சூனியக்காரியிடம் ஓடக்காரி கூலியாக அவள் நிழலையே கேட்டதும் இவள் சொன்னது. ஓடக்காரி பாடுகிற பாட்டில் முதல் அடி அவளுடையது, இரண்டாம் அடி அவருடையது.

"காலைல வண்டி எடுக்கும்போதே கேட்டுடுவேன் அண்ணி, நேத்து மிஷின் நின்னுச்சான்னு. நின்னுச்சுன்னு அண்ணன் சொன்னா அன்னிக்குப் பூரா எனக்கு சந்தோசமா இருக்கும்."

என் மிஷின். என் வீட்டுக் கூடத்தில், என் காலடியில் இருக்கிற மிஷின். அது நின்றதா ஓடியதா என்று ஊரின் கடைசி ஸ்டாப்பில் ஒருத்தி தினமும் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டதையெல்லாம் அவள் முதல்நாளே கேட்டு முடித்திருக்கிறாள். இல்லை, கேட்கவில்லை, செய்து முடித்திருக்கிறாள்.  ஏன் இடது கை என்று மட்டும் கேட்டேன்.

"அது நானே. அண்ணன் அப்படியே தூக்கி வெச்சுட்டாரு. காப்பி அடிக்கறவருக்குப் பக்கத்துல இருக்கறவங்க பேப்பர்தான தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு போனை எடுத்துக் காட்டினாள். ரசிகர் யாரோ ஓடக்காரியைப் படமாக வரைந்து போட்டிருந்தார்கள். நான் வீடியோவுக்கு அப்புறம் அண்ணன் மகளிடம் விவரித்ததை வைத்து வரைந்தது. தழும்பெல்லாம் சரியாக இருந்தது. "துடுப்ப மட்டும் வலது கைல குடுத்துட்டாங்க" என்றாள், அதில் அவளுக்கு நிஜமாகவே ஒரு வருத்தம்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மூணாவது புக்குல அவளக் கொன்னுடலாம்னு அண்ணன் சொன்னாரு. நாந்தான் வேணாம்னேன். அண்ணி வெச்சுக் குடுத்த சோத்தத் தின்னுட்டு அவங்கள அழ வைக்கறதா? பாவம் வரும்னு சொன்னேன்."

அந்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் வெள்ளத்தில் போய்விட்டாள் என்று நான் ரெக்சினில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவர் இரு, இரு என்று பக்கத்தைப் புரட்டினார். அக்கரையில் நாணலைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்துபோய் அவர் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில் நான் அப்படிச் செய்ததில்லை. அந்த முத்தம் யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்று இப்போது உட்கார்ந்து கணக்குப் பார்க்கவா?

அவர் இரண்டு கையிலும் இரண்டு டீக்கிளாஸோடு படியில் ஏறினார். என்னைப் பார்த்தார். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. எனக்கு மூன்றாவது இல்லை. எந்தக் கையை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் படியிலேயே நின்றார். அவள்தான் "அண்ணிக்குக் குடுங்க, நான் அப்பறம் குடிச்சுக்கறேன்" என்று எழுந்து போனாள். நான் குடிக்கவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிற வழி முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போய் ஆடை கட்டியது.

தப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு ஏதாவது இருந்தால் கத்தலாம், அண்ணனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கலாம், மகனுக்குப் போன் செய்து அழலாம். என்னவென்று சொல்லி அழுவது? உங்க அப்பா எனக்குக் கதை சொன்னார், அதில் பாதி இன்னொருத்தி சொன்னது என்றா? கேட்கிறவன் சிரிப்பான். மறுநாள் காலையில் சின்ன டப்பாவை வைக்கவில்லை. அவர் டப்பா இருக்கும் இடத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போனார். அதற்கடுத்த நாள் வைத்தேன். வயசான அம்மாவுக்குப் பணிவிடை செய்துவிட்டு வெறும் வயிற்றோடு வேலைக்கு வருகிறவள்மேல் சோற்றிலா வஞ்சம் தீர்ப்பது? ஆனால் உப்பை ஒரு கை கூடுதலாகப் போட்டேன். சின்ன டப்பாவில் மட்டும்.

அந்த வாரம் முழுக்க அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மிஷின் மட்டும் பேசியது. கடைசியில் நான்தான் தையலை முடித்து நூலை அறுத்துக்கொண்டே கேட்டேன்.

"எங்கிட்ட பேசணும்னா உங்களுக்குப் புஸ்தகம் வேணும். அவகிட்ட மட்டும் சும்மாவே பேச வருதா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை.

"அங்க பேசறது பூரா உன்னப் பத்திதான்" என்றார்.

"அதத்தான் நானும் சொல்றேன். என்னப் பத்தி, அவகிட்ட."

 எனக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற முகமாக இல்லை, உண்மை முழுக்கத் தெரிந்த முகமாகவும் இல்லை. ஆறாம் பாகம் அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டேன். அதில் அச்சடித்திருப்பதை மட்டும் படியுங்கள், ஒரு எழுத்து கூடவும் வேண்டாம், ஒரு எழுத்து குறையவும் வேண்டாம் என்றேன். சரி என்றார்.

படித்தார். சத்தியமாக அச்சடித்ததை மட்டும்தான் படித்தார். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் விரலை வைத்துப் பள்ளிக்கூடப் பையனைப் போலப் படித்தார். போர், முற்றுகை, சபை, மறுபடி போர். நான் சீட்டு உறைகளைத் தைத்துத் தள்ளினேன். சீட்டுக் கடைக்காரர் இவ்வளவு சீக்கிரமா என்று ஆச்சரியப்பட்டார். நடுவில் அண்ணன் மகள் போன் செய்து, கூட்டத்தில் எல்லாரும் கேட்கிறார்கள், மாமாவின் ஓடக்காரி கடைசிப் பாகத்தில் என்ன ஆகிறாள் என்றாள். எனக்குத் தெரியாது, நான் தைத்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன ஆகும் என்று கடைசி ஸ்டாப்பில் தெரிந்திருக்கும். அல்லது அங்கேயும் இப்போது பேச்சில்லையோ? நேற்று மிஷின் நின்றதா என்று அவள் கேட்டால் இவர் என்ன சொல்வார்? அதை நினைத்ததும் எனக்கு ஒரு திருப்தி வந்தது. திருப்தி வந்த வேகத்திலேயே போயும் போய்விட்டது. மிஷின் ஓடிக்கொண்டே இருப்பது எனக்கே காது வலித்தது.

இன்று மதியம் இளவரசன் திரும்பி வந்தான். ராஜ்ஜியமெல்லாம் தோற்று, குதிரை செத்து, ஒற்றை ஆளாக நடந்து கறுப்பாற்றங்கரைக்கு வந்தான். பாலத்தை எதிரிகள் எரித்துவிட்டிருந்தார்கள். "'கரையில் ஒருவரும் இல்லை'" என்று படித்துவிட்டு அவர் நிறுத்தினார். அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். புரட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் ஒரு நீளத் தையலில் இருந்தேன், பாதிகூடத் தாண்டவில்லை. என் கால் பெடலை விட்டு எழுந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூலை இல்லை, நூல் அறவில்லை, ஊசி உடையவில்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"வரச் சொல்லுங்க அவள" என்றேன். "ஆனா துடுப்ப வலது கையால போடட்டும்."

 அவர் விரலை அடையாளத்துக்கு உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினார். கண்ணையும் மூடிக்கொண்டார். வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை காத்திருந்தார்.

"தூரத்துல ஒரு ஓடம் வருது" என்றார்.

"எந்தக் கைல துடுப்பு?"

"இன்னும் தெரியல. பனியா இருக்கு."

நான் காலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன். ஊசி ரெக்சினில் பாதி இறங்கி நின்றது. பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது.